கேட்டையில் ஒருவன், பூசத்தில் ஒருவன்

நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பெருமையை அப்புறம் பேசலாம், மிச்சம் இருந்தால்.

தி.நகர் உஸ்மான் ரோடு நடைபாதையில் ஒரு கோணியை விரித்துக் குடை ரிப்பேர் கடை கட்டினேன். கோணி விரித்ததையெல்லாம் கட்டினேன் என்று சொல்லலாமா என்று கேட்கிறவன் ஒரு ஐப்பசி மாதம் முழுக்க அந்தக் கோணியில் உட்கார்ந்து பார்க்கட்டும். கார்ப்பரேஷன் லாரி வந்து கோணி, கம்பி, காம்பு எல்லாவற்றையும் அள்ளிப்போட்டுக்கொண்டு போகும். மறுநாள் அதே இடத்தில் வேறு கோணி. அப்புறம் பை தைக்கிற கடை. அப்புறம் லாமினேஷன் மெஷின். அப்புறம் ஜெராக்ஸ், அதை எனக்கு விற்றவன் அழுதுகொண்டே விற்றான், நான் அதை வைத்துச் சிரித்துக்கொண்டே சம்பாதித்தேன். எஸ்.டி.டி. பூத். ஆதம்பாக்கத்தில் மாடி வீடு. ‘அந்த மனை தவளைக்குத்தான் ஆகும்’ என்று சொன்ன என் மைத்துனன் இன்றைக்கு அதே வீட்டின் கீழ் போர்ஷனில்தான் குடியிருக்கிறான். கடைசியாக, தொண்ணூறுகள் முடிகிற நேரத்தில், மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் நாலு கம்ப்யூட்டர் போட்டு ஒரு பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸும் பூத்தும் அதே கடையில் ஒரு ஓரமாக. ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் போட்ட பிரவுசிங் சென்டரில் எம்.எஸ்ஸி. படித்தவர்கள் வரிசையில் நின்றார்கள்.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாமல் இன்னொன்றும் கட்டினேன். ஒரு கல்யாணம். அதை வேறு ஒருவர் கட்டியதாக இன்று வரைக்கும் ஒரு குடும்பமே சொல்லிக்கொண்டு திரிகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் குடும்பத்தில் மூன்று பேர். ஒருவர் தணிக்கை ஆபீசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். எறும்பு போகிற பாதையிலும் தப்பு கண்டுபிடிக்கிற ஆள். இரண்டாவது அவருடைய ஒரே மகள். அடையாறில் ஒரு பெண்கள் கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்துக் கணக்கில் வயது ஏறிக்கொண்டிருந்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள், அவள் சொல்லிக்கொள்ள மாட்டாள். மூன்றாவது அந்தப் பெண்ணின் தாய்மாமா. அவர் தி.நகரில் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டிப்ளமோ முடித்தவர். அந்த டிப்ளமோவுக்கு லாமினேஷன் போட்டதே நான்தான். அன்றைக்கே அந்தக் காகிதத்தை மெஷினுக்குள் சுருட்டிவிட்டிருந்தால் எத்தனையோ தொல்லை மிச்சமாகியிருக்கும்.

முதல் நாள் தணிக்கை ஆபீஸ் பெரியவர்தான் கேட்டார்.

“ஏம்ப்பா, இந்த இன்டர்நெட்ல ஒரு மனுஷனைத் தேடினா கிடைப்பானோ?”

“கெடைக்கணும்னு நெனைக்கிறவன் கெடைப்பான் சார். ஒளிஞ்சிகினு கீறவன் கெடைக்க மாட்டான்.”

“அத்திம்பேர், நீங்க சும்மா இருங்கோ,” என்றார் மாமா. “இவர்கிட்ட போய் இதெல்லாம் கேட்டுண்டு! இதுக்கு ஒரு மெதடாலஜி இருக்கு.”

விஷயம் இதுதான். பெண்ணுக்கு அமெரிக்காவிலிருந்து ஜாதகங்கள் வந்துகொண்டிருந்தன. அங்கே படிக்கிற பையன்கள். இங்கே இருக்கிற அப்பா அம்மா என்னென்னவோ எழுதி அனுப்புவார்கள். பையன் அங்கே எப்படி இருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த நாளில் அங்கே படிக்கிற பையன்கள் ஒவ்வொருத்தனும் கல்லூரிக் கம்ப்யூட்டரில் தன்னைப் பற்றி ஒரு பக்கம் போட்டு வைத்திருப்பான். தன் போட்டோ, தன் கார், தனக்குப் பிடித்த சாப்பாடு, பிறந்த தேதி, கூட்டாளிகள் பட்டியல். அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தால் பையன் வண்டவாளம் தெரிந்துவிடும். பிடித்த பக்கத்தின் முகவரியைக் கம்ப்யூட்டரிலேயே குறித்து வைத்துக்கொள்ளலாம், புக்மார்க் என்பார்கள். அந்தக் குறிப்புகளைப் போல்டர் போல்டராகப் பிரித்து அடுக்கலாம். இதற்கு மாமா வைத்த பெயர் ரிசர்ச். மயிலாப்பூரில் கொத்தவரங்காய் வாங்குவதைக்கூட ரிசர்ச் என்று சொல்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே ஆச்சரியப்படவில்லை.

ஆச்சரியப்பட்டது, அவர் அடுக்கிய விதத்தைப் பார்த்துத்தான். இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் இருபத்தேழு போல்டர். அசுவினியில் தொடங்கி ரேவதியில் முடியும். ஜாதகம் தபாலில் வந்த பையனாக இருந்தால் அவனுடைய விவரத்தை டைப் அடித்து அவன் நட்சத்திரத்தில் போடுவார். இன்டர்நெட்டில் தானாகத் தேடிப் பிடித்த பையனாக இருந்தால், அவன் பக்கத்தில் இருக்கிற பிறந்த தேதியை ஒரு ஜாதக சாப்ட்வேரில் தட்டி, அது எந்த நட்சத்திரம் சொல்கிறதோ அந்தப் போல்டரில் அவன் பக்கத்தைப் போடுவார்.

“மாமா, உருளைக்கிழங்கு பொறுக்கறச்சகூட நட்சத்திரம் பார்ப்பேளா?” என்று பெண் கேட்டாள்.

“கிண்டல் பண்ணு. நாளைக்கு ரஜ்ஜுப் பொருத்தம் தட்டித்துன்னா யார் அழறது?”

“நான் அழ மாட்டேன். நீங்கதான் போல்டர் போல்டரா அழுவேள்.”

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“மாமா சார், ஒண்ணு சொல்லட்டா? குடைக் கடையில கம்பி ஒடிஞ்ச குடையெல்லாம் ஒரு பக்கம், துணி கிழிஞ்ச குடையெல்லாம் ஒரு பக்கம்னு அடுக்கக் கூடாது. ஒரே குடைல கம்பியும் ஒடிஞ்சி துணியும் கிழிஞ்சி கீதுன்னு வை, அத்த எங்க வெப்ப? ஆளை வெச்சுத்தான் அடுக்கணும். இந்தக் குடை இன்னாருதுன்னு ஒரு அட்டை கட்டணும். பையனுக்கு ஒரு போல்டர் போடு. நட்சத்திரம், படிப்பு, போட்டோ, எல்லாத்தையும் அவன் பொட்டியில போடு.”

மாமா என்னைப் பார்க்காமல் அத்திம்பேரைப் பார்த்துச் சொன்னார்.

“குடைக்காரர் டேட்டாபேஸ் சொல்லித்தரார், கேட்டுக்கோங்கோ.”

அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்குப் பெயர் குடைக்காரர். ஜெராக்ஸ் வைத்தேன், பூத் வைத்தேன், கம்ப்யூட்டர் வைத்தேன். அவர்களுக்கு நான் குடைக்காரர். சரி, இருக்கட்டும். குடைக்காரன் என்பதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது யார் என்று இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் மூவரும் வருவார்கள். மூலை மெஷின் அவர்களுக்கு. பார்த்ததையெல்லாம் ஒரு ஃப்ளாப்பியில் ஏற்றி, பெரியவர் துணிப்பையில் கீரைக்கட்டோடு போட்டு எடுத்துக்கொண்டு போவார். சரஸ்வதி பூஜை வந்தது. அந்த ஃப்ளாப்பியைப் புத்தகங்களோடு வைத்துக் கும்பிட்டு, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மறுநாள் அப்படியே கொண்டுவந்து என் மெஷினில் செருகினார் மாமா. காய்ந்த சந்தனம் உள்ளே உதிர்ந்து டிரைவ் சிக்கிக்கொண்டது. கம்ப்யூட்டர் டிப்ளமோ! அதற்கப்புறம் நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இனி உங்கள் ரிசர்ச் என் மெஷினிலேயே இருக்கட்டும், என் டிரைவுக்குள் கோவில் கட்ட வேண்டாம். அப்படித்தான் அந்த இருபத்தேழு போல்டரும் என் பொறுப்பில் வந்தன.

அவர்கள் தேடிய அழகைச் சொல்ல வேண்டும். ஒரு பையன் பக்கத்தில் நாய் படம் இருந்தது. “ஆத்துக்குள்ள நாயை விடறவன்” என்று தள்ளினார்கள். ஒருவன் பக்கத்தைத் திறந்தால் டிங்கு டிங்கு என்று பாட்டு வந்தது, விளையாட்டுப் புத்தி. ஒருவன் பனியில் நின்றுகொண்டிருந்தான், கையில் ஒரு தகர டின். அது பீரா சோடாவா என்று பெரியவரும் மாமாவும் கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக ஒரு மணி நேரம் பார்த்தார்கள். அச்செடுத்து ஜெராக்ஸில் பெரிசு பண்ணச் சொன்னார்கள். பண்ணினேன். புள்ளிகள்தான் பெரிசாயின. அந்தப் புள்ளிகளைப் பார்த்து, “பீர் மாதிரிதான் இருக்கு” என்றார் தணிக்கை அதிகாரி. இப்படித்தான் நம் நாட்டுக் கணக்கையும் பார்த்திருப்பார்.

இந்தக் கூத்தெல்லாம் நடக்கும்போது அந்தப் பெண் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருப்பாள். ஒரு தடவைதான் தாளை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துச் சிரித்தாள். மாமா தானாகத் தேடிப் பிடித்த ஒரு பையன் பக்கம் அது. தாடி, தலையில் ஒரு குல்லா, முகம் பாதிதான் தெரியும். ஆனால் அந்தப் பையன் மற்றவர்களைப் போல் காரைப் பற்றி எழுதவில்லை. புதிதாக அமெரிக்கா வருகிற மெட்ராஸ் பையன்களுக்கு, உறைமோர் இல்லாமல் பாலைத் தயிராக்குவது எப்படி என்று எழுதியிருந்தான். பச்சை மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் பாலில் போட வேண்டுமாம். முதல் தடவை தான் காம்பை விட்டு மிளகாயைப் போட்டதையும், அறை நண்பன் அதைக் குடித்துவிட்டு அழுததையும் எழுதியிருந்தான்.

“இது சரியா வருமா அங்கிள்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“வரும்மா. எங்கூட்டுல அப்படித்தான்.”

“கெமிஸ்ட்ரி படிச்ச எனக்குத் தெரியலை பாருங்கோ.”

மாமா அவன் பிறந்த தேதியைத் தட்டினார். ஜூன் ஒன்றாம் தேதி. சாப்ட்வேர் கேட்டை என்றது. ரஜ்ஜு தட்டியது. “போச்சு, அடுத்தவனைப் பாரு” என்று கேட்டை போல்டரில் போட்டு மூடினார். அவள் திரும்பத் தாளை எடுத்துக்கொண்டாள்.

ஆனால் அவள் மூடவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தால் அதன் முகவரி நீலத்திலிருந்து ஊதாவாக மாறும். சில நாள் யாரும் தொடாவிட்டால் திரும்ப நீலமாகிவிடும். அந்தப் பட்டியல் முழுக்க நீலமாகிக் கிடக்கும். கேட்டைக்குள் இருந்த அந்த ஒன்று மட்டும் வாராவாரம் ஊதாவாகவே இருந்தது. புதன்கிழமைகளில் கல்லூரி விட்டு வரும்போது ‘மெயில் பார்க்கணும் அங்கிள்’ என்று தனியாக வந்து அரை மணி நேரம் உட்காருவாள். டிப்ளமோ வாங்கியவரின் கண்ணில் இந்த ஊதா படவில்லை. அவருக்கு ரஜ்ஜுதான் தெரியும்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கடைக்காரனுக்கு அது அழகில்லை. ஆனால் மனதில் போட்டுக்கொண்டேன். நட்சத்திரம் தட்டிய பையன் பக்கத்தைத் திறந்து திறந்து பார்க்கிற பெண்ணுக்கு, அடுத்த முகூர்த்தத்தில் வேறு எவனையாவது கட்டிவைக்கத்தான் அந்த இரண்டு அறிவாளிகளும் என் மெஷினில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் கெடு வேறு வைத்திருந்தார், தை பிறந்தால் ஏதாவது ஒன்றை முடித்துவிடுவதென்று. தகர டின் பையன்கூட ‘சோடாவா இருக்கலாம்’ என்கிற அளவுக்குத் தேறிவிட்டான்.

ஒரு நாள் காலையிலிருந்து மழை. சந்தில் முழங்கால் தண்ணீர், ஒரு ஈ காக்கை கடைக்கு வரவில்லை. மூலை மெஷினில் உட்கார்ந்தேன். இருபத்தேழு போல்டரையும் கலைத்தேன். ஆம், கலைத்தேன், என் மெஷின். பையனுக்கு ஒரு போல்டராகப் போட ஆரம்பித்தேன். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்று மாமா ஊரெல்லாம் சொல்வார். எழுத்துக் கூட்டுவேன். கூட்டவும் வேண்டாம், பார்ப்பேன். வாழ்க்கையில் ஆயிரக்கணக்கான சர்டிபிகேட்டை ஜெராக்ஸ் கண்ணாடியில் கவிழ்த்துப் போட்டவன் நான். ஒரு பெயரை இரண்டு இடத்தில் பார்த்தால் ஒரே முகத்தை இரண்டு பேருந்தில் பார்த்த மாதிரி எனக்கு நிற்கும்.

ஜூன் ஒன்றாம் தேதியில் கை நின்றது.

யார் பிறக்கிறான் ஜூன் ஒன்றாம் தேதி? நம் ஊரில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவனெல்லாம் பிறக்கிறான். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது பத்தாது, ஹெட்மாஸ்டர் பேனாவை எடுத்து, ‘ஜூன்னு போட்டுக்கலாமா’ என்பார், அப்பா தலையாட்டுவார். முடிந்தது. நான் ஜெராக்ஸ் போட்ட சர்டிபிகேட்டில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் பிறந்தவர்கள். அமெரிக்கா போகிறவனுக்குப் பாஸ்போர்ட்டிலும் அதுதான், அப்புறம் ஆயுசு முழுக்க எங்கே எழுதினாலும் அதுதான். வீட்டில் மட்டும் அம்மா வேறு நாளில் பாயசம் வைப்பாள். அந்தச் சர்டிபிகேட் தேதியைத் தட்டி நட்சத்திரம் பார்த்தால் வருவது பையன் நட்சத்திரமா, ஹெட்மாஸ்டர் நட்சத்திரமா?

அதோடு விட்டிருந்தால் நான் சாதாரண ஆள். விடவில்லை. தாடிக்காரனுக்குத் தனிப் போல்டர் போட்டு, அவன் கல்லூரிப் பெயரைப் பார்த்தேன். அந்த எழுத்தை இன்னொரு இடத்தில் பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. பூசம் போல்டரில் இருந்தது. அசோக் நகரிலிருந்து தபாலில் வந்த ஒரு ஜாதகம். பத்துக்கு எட்டுப் பொருத்தம். மாமாவே துள்ளிக் குதித்த ஜாதகம் அது. ஆனால் அந்தப் பையன் பெயரில் எவ்வளவு தேடியும் இன்டர்நெட்டில் ஒரு பக்கமும் கிடைக்கவில்லை. ‘ஒண்ணுமே இல்லாதவன் எதையோ மறைக்கறான்’ என்று ஓரம் கட்டியிருந்தார்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே கல்லூரி, ஒரே பாடம், பிறந்த வருஷமும் ஒன்று. ஜாதகத்தில் பையன் பெயர் சாமி பெயரும் தாத்தா பெயருமாக ஒரு முழம். அமெரிக்காவில் அதன் நடுவிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி முன்னால் வைத்து, அப்பா பெயரைக் கடைசியில் ஒட்டியிருந்தான். அந்த அப்பா பெயர் ஜாதகக் குறிப்பில் ‘தகப்பனார்’ என்ற இடத்தில் அப்படியே இருந்தது. ஜாதகப்படி ஆவணி மாதத்துப் பிறப்பு. ஆவணிக் குழந்தைக்கு ஜூனில் வயது எப்படிப் பத்தும்? தேதியை முன்னால் இழுத்துவிட்டிருக்கிறார்கள்.

ஒரே பையன். ஒரு பெட்டியில் நட்சத்திரம் சரி, பக்கம் இல்லை என்று வேண்டாமென்றார்கள். இன்னொரு பெட்டியில் பக்கம் இருக்கிறது, நட்சத்திரம் சரியில்லை என்று வேண்டாமென்றார்கள். கம்பி ஒடிந்த குவியலில் ஒரு தடவை, துணி கிழிந்த குவியலில் ஒரு தடவை. அட்டை கட்டாததால் வந்த வினை. ஒருவனையே இரண்டு முறை தள்ள இரண்டு படித்தவர்களால்தான் முடியும். படிக்காதவன் ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்வான்.

சனிக்கிழமை மூவரும் வந்தார்கள். மாமா மெஷினைத் திறந்தார். அசுவினி இல்லை, பரணி இல்லை. அவர் முகம் இட்லி மாதிரி வெளுத்துப்போனது.

“யாரைக் கேட்டுத் தொட்டீர்? ஆறு மாச ரிசர்ச் ஓய் இது!”

“ஒண்ணும் போவல மாமா சார். ஆளை வெச்சு அடுக்கி கீறேன். குந்து, காட்டறேன்.”

“குந்தவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். அத்திம்பேர், அப்பவே சொன்னேன், இந்தக் குடைக்காரர்கிட்ட…”

“சார், நீங்க இத்தப் பாருங்க,” என்று பெரியவர் பக்கம் திரையைத் திருப்பினேன். சொன்னேன். கல்லூரி, பாடம், தகப்பனார் பெயர், ஜூன் ஒன்று, எல்லாவற்றையும் சொன்னேன்.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “சர்டிபிகேட்ல இருக்கற தேதி எப்படிப்பா தப்பா இருக்கும்? அது ரெக்கார்ட். நான் முப்பது வருஷம் ரெக்கார்டைத்தான் நம்பினேன்.”

“ரெக்கார்டுதான் சார். ரெக்கார்டு எழுதுனது யாரு? ஒரு அப்பா சொல்லி ஒரு வாத்தியார் எழுதுனது.”

“எல்லாரும் உங்களை மாதிரின்னு நினைச்சுண்டேளா?” என்றார் மாமா. “படிச்சவா ஆத்துல அந்த மாதிரிப் பொய் எழுதிக் குடுக்க மாட்டா.”

அப்போதுதான் அந்தப் பெண் பேசினாள். சத்தமே இல்லை.

“அப்பா, நேக்கு ஆத்துல பாயசம் எப்போ வைப்பேள்?”

“என்னம்மா இப்போ…”

“சொல்லுங்கோ.”

“ஐப்பசில.”

“காலேஜ்ல எல்லாரும் என்னை ஜூன்ல விஷ் பண்றா. வருஷா வருஷம் ஸ்டாஃப் ரூம்ல கேக் வெட்டறா. நானும் வெட்கமில்லாம வெட்டறேன். அந்தத் தேதியை யார் எழுதிக் குடுத்தது?”

பெரியவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“அட்மிஷனுக்கு வயசு பத்தலை,” என்றார்.

“அப்போ உங்க பொண்ணுக்கும் ரெண்டு நட்சத்திரம் கீதா சார்?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. கேட்காமல் இருக்க நான் என்ன சாமியாரா?

அவள் சிரித்துவிட்டாள். மிளகாய்க் காம்புக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன். மாமா மட்டும் விடவில்லை.

“இது வெறும் ஊகம். வெரிஃபை பண்ணணும்.”

“பண்ணேன். பூத் அங்கதான் கீது. லோக்கல் கால், நைனா. எடுத்துப் பேசு.”

பெரியவர்தான் எழுந்து கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு அசோக் நகருக்குப் போன் போட்டார். எங்கள் பூத் கதவு முழுசாகச் சாத்தாது, எல்லாம் கேட்டது.

“நமஸ்காரம். மயிலாப்பூர்லேர்ந்து பேசறேன். உங்க பிள்ளை ஜாதகம் அனுப்பிச்சிருந்தேளே… ஆமா, ஆமா… ஒரு சின்ன சந்தேகம். பிள்ளையோட சர்டிபிகேட்ல தேதி… ஜூனா? ஒண்ணாந்தேதியா? ஓ… ஹெட்மாஸ்டரா? சரிதான்… இங்கேயும் அதேதான், அதை விடுங்கோ… தாடி வெச்சிருக்கானோ? எடுக்கச் சொல்லிடலாமா? பேஷ்.”

வெளியே வந்தபோது அவர் மகளைப் பார்க்கத் துணியவில்லை. “அவன்தான்,” என்றார் என்னிடம்.

“தாடி இருக்கட்டும்பா,” என்றாள் அவள்.

தையில் நிச்சயம், மாசியில் பையன் வந்து பார்த்துவிட்டுப் போனான், ஆனியில் கல்யாணம். அமெரிக்கா லீவுக்கேற்ப முகூர்த்தம். தி.நகரில் பெரிய மண்டபம். எனக்கும் பத்திரிகை வந்தது, தபாலில், நேரில் இல்லை. போனேன். அங்கே வரவேற்பில் மாமா பட்டு அங்கவஸ்திரத்தோடு நின்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கம்ப்யூட்டர்ல சயன்டிஃபிக்கா பண்ணினது சார். இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் தனித்தனியா டேட்டாபேஸ். க்ராஸ் செக் பண்ணித்தான் பிடிச்சேன்.”

நான் அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன். “க்ராஸ் செக்கு யாரு பண்ணது மாமா சார்?” என்றேன். “வாங்கோ வாங்கோ, சாப்ட்டுப் போங்கோ” என்று என்னைப் பந்திப் பக்கம் திருப்பிவிட்டார். சாப்பிட்டேன். சாப்பாட்டில் குறையில்லை; தயிர் கெட்டி. மாமா அதோடு நிற்கவில்லை. அவர்கள் சங்கப் பத்திரிகை ஒன்றில் ‘கணினி வழி வரன் தேடல்’ என்று கட்டுரை எழுதினார். அதை எனக்கு ஜெராக்ஸ் எடுக்கவே கொண்டுவந்தார், பாருங்கள் நெஞ்சழுத்தத்தை! ஐம்பது பிரதி எடுத்துக் கொடுத்தேன். ஒரு பிரதியிலும் நான் இல்லை. ஆளை வைத்து அடுக்க வேண்டும் என்ற என் பேச்சை மட்டும் ‘தனிநபர் சார்ந்த கோப்பு முறை’ என்று மாற்றித் தன் கண்டுபிடிப்பாகப் போட்டிருந்தார். குடையைத் திருடினவன் பிடியை மட்டும் மாற்றின மாதிரி.

அந்தப் பெண் மட்டும் அமெரிக்கா போகும் முன் ஒரு புதன்கிழமை வந்தாள். மூலை மெஷினில் உட்காரவில்லை. ஒரு டப்பாவில் தயிர் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். “மிளகாய்க் காம்புல தோச்சது அங்கிள், சரியாத்தான் வரது” என்றாள். அவள் அறிவுள்ளவள். ஆனால் அவளும் நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொன்னதாக எனக்குத் தகவல் இல்லை.

பிரவுசிங் சென்டர் போய், அந்த இடத்தில் இப்போது ஒருவன் மொபைல் கவர் விற்கிறான். கம்ப்யூட்டர் எல்லார் சட்டைப்பையிலும் வந்துவிட்டது. அடுக்கத்தான் இன்னும் ஒருவனுக்கும் தெரியவில்லை. என் பேரன் போனில் ஆயிரம் பக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறான், கேட்டால் ஒன்றையும் எடுக்க முடியவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. அந்தத் தாடிக்காரனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் பிறந்த மகளுக்கு இந்த வருஷம் கல்யாணமாம். மயிலாப்பூரில்தான். மாமா இன்னும் உயிரோடு திடமாக இருக்கிறாராம், ‘அம்மா கல்யாணத்தை எப்படி முடித்தேன்’ என்று அந்தக் குழந்தைக்கும் சொல்லி வைத்திருக்கிறாராம். பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று கேள்வி.

ஆகவே கேட்கிறேன். பட்டு வேட்டி வேண்டாம், தாம்பூலத் தட்டு வேண்டாம், மேடையில் நாற்காலி வேண்டாம். பத்திரிகையின் கீழே, நல்வரவை விரும்புகிறவர்கள் வரிசையாகப் போடுகிறார்களே, அங்கே எனக்கு ஒரு வரி வேண்டும். என் பெயர் தெரியாது, மறந்துவிட்டது என்று சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். ‘குடைக்காரர், குளத்துச் சந்து’ என்று போட்டால் போதும். மயிலாப்பூரில் புரியவேண்டியவர்களுக்குப் புரியும். ஆனால் அந்த வரி மாமாவின் பெயருக்கு மேலே வர வேண்டும். கீழே போட்டால் நான் வர மாட்டேன்.